எடைமேடையில் அறிவுமதி

வங்கிக்கு நாங்கள் கட்ட வேண்டியிருந்தது மூன்று லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டு ரூபாய். என் மகள் கம்ப்யூட்டர் படிப்பை முடித்த கையோடு வங்கியிலிருந்து வந்த தாளில் அப்படித்தான் இருந்தது. கல்விக் கடன் வாங்கிய வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. படித்த பிள்ளை வேலைக்குப் போய் அதைக் கட்டும். என் மகளும் வேலைக்குப் போய்த்தான் கட்டினாள். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் நான் மறுத்துப் பேச மாட்டேன். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். அவளுடைய பழைய காலேஜ் நோட்டு ஒன்றில் பின்பக்கம் நாற்பது தாள் வெறுமனே கிடக்கிறது. அவள் எடுத்துப் பார்த்துவிடுவாளோ என்ற பயம் இல்லை. அந்த நோட்டுகளை அவள் தொட்டு மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது.

என் பெயர் ஆண்டியப்பன். குன்றாண்டார்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குவாரியில் முப்பத்தாறு வருடமாகக் கல் உடைக்கிறேன். எழுத்துப் படித்தது இருபத்திரண்டு வயதில், அறிவொளி வகுப்பில். வேலை முடிந்ததும் குவாரி ஓரத்தில் விளக்கு வைத்து நடத்துவார்கள். ஜல்லி உடைக்கிற பெண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நான் ‘ற’ போடத் தெரியாமல் பலகையை அழித்து அழித்துப் பார்த்தபோது அந்தப் பக்கமிருந்து சிரித்தவள் சொர்ணம். அவளைத்தான் கட்டிக்கொண்டேன். எட்டு வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். அந்த வகுப்பு நினைவாக அறிவுமதி என்று பெயர் வைத்தோம்.

அவள் பத்தாவது படிக்கும்போது சொர்ணம் போய்விட்டாள். கல் அரைக்கிற கிரஷர் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். கடைசியாக அவள் பேசினது ஒரே ஒரு பேச்சு.

“எம் மவ இந்தத் தூசிக்கு வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். அதனால்தான் காலேஜுக்கு அனுப்பினேன். அந்த நியாயத்தை யாரும் எனக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிப் பக்கம் ஒரு காலேஜ். சேர்க்கைத் தாளில் போன் நம்பர் எழுதச் சொன்னபோது எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன், என்னுடையது. அதையே எழுதினாள். வங்கியிலும் அதே நம்பர்தான். இரண்டாம் வருடம் அவளுக்கென்று ஒரு போன் வாங்கினோம். எல்லா இடத்திலும் நம்பரை மாற்றலாமா என்று கேட்டபோது, காலேஜுக்கு ஒரு நாள், ஆதார் சென்டருக்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள் என்று அலைய வேண்டும் என்றார்கள். மூன்று நாள் கூலி.

“விடுங்கப்பா,” என்றாள். “ஒங்களுக்கு வந்தா எனக்கு வந்த மாதிரிதானே.”

முதல் ஆறு மாதம் அந்தப் படிப்பு அவளைப் போட்டு வதைத்தது. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்தவள். “சார் ஒதடு அசையிறது தெரியுதுப்பா, என்ன சொல்றாருன்னு தெரியல” என்பாள். கடைசி பெஞ்சில் உட்காருவாளாம். கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட ஓடாதாம்; எங்கே விட்டது என்று தேடியே லேப் நேரம் முடிந்துவிடுமாம். கணக்குப் பேப்பரில் அரியர் விழுந்தது. அன்றைக்கு வந்து புத்தகப் பையை வைத்துவிட்டு, “நான் நின்னுக்கிறேன்ப்பா, பிரின்சி மாதிரி புள்ளைங்களுக்குத்தான் இது” என்றாள். பிரின்சி ஆவூர்ப் பெண், அவளுடைய ஒரே தோழி. கான்வென்ட்டில் படித்தவள், இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும்.

“என்ன புரியல, எங்கிட்டச் சொல்லு” என்றேன்.

அவளுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. “ஒங்ககிட்டயா? ஸ்டேக்குன்னு ஒண்ணுப்பா. கடைசியா வச்சதைத்தான் மொதல்ல எடுக்கணும். ஏன், எதுக்குன்னு ஒண்ணும் வெளங்கல.”

“லாரியில பலகைக் கல் ஏத்துறோம்ல. மொதல்ல ஏத்துன கல்லு அடியில கெடக்கும். எறக்குறப்ப மேல உள்ளதைத்தானே எடுக்க முடியும்?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். “அப்பா, இதைத்தான் அந்த சார் ஒரு மணி நேரமாச் சொன்னாரு.”

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். சாப்பிட்டுவிட்டு அவள் நோட்டை விரிப்பாள், நான் கேட்பேன். சும்மா கேட்கவில்லை, குவாரியிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக் கொடுப்பேன். அவள் தேறி வந்தாள். கணக்கு அரியரையும் எழுதி முடித்தாள். அந்தப் படிப்பில் பாதி என்னுடையது என்று எனக்குள் ஓர் எண்ணம் அப்போதே விழுந்துவிட்டது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ஸ்கூலில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியில் எனக்காகவே ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினாள். அவள் சொந்தமாக எழுதின முதல் ப்ரோகிராம் அது. திறந்தால் தமிழில் கேட்கும்: அப்பா சாப்பிட்டாச்சா? யெஸ் என்று அடித்தால் ‘படுத்துத் தூங்குங்க’ என்று வரும். நோ என்று அடித்தால் ‘போய் மொதல்ல சாப்பிடுங்க’ என்று வரும். நான் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பேன். யெஸ்ஸுக்கு மூன்று எழுத்து, நோவுக்கு இரண்டு. சாப்பிட்டுவிட்டும் நோ அடிப்பேன். அந்தப் பதிலைப் பார்க்கப் பிடிக்கும்.

கொரோனா வந்து காலேஜை மூடினார்கள். வகுப்பு போனில் நடந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது, குவாரி மேட்டில்தான் கிடைக்கும். காலையில் என்னோடு கிளம்பி வருவாள். மேலே பாறை விளிம்பில் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள், கீழே நான் கல் உடைப்பேன். என்னோடு வேலை பார்க்கிற மூக்கன் வாய் சும்மா இருக்காது.

“என்ன ஆண்டியப்பா, ஒம் மவ கல்லுகிட்டப் பேசிக்கிட்டிருக்கு? கல்லு பதில் சொல்லுதா?”

“காலேஜுகிட்டப் பேசுறாடா.”

“நீ கல்லை ஒடைக்கிற, அது கல்லுக்குப் பாடம் நடத்துது. நல்ல குடும்பம்ப்பா.”

ஊரெல்லாம் அந்த வருடத்தைத் திட்டுகிறார்கள். எனக்கு அது மாதிரி ஒரு நல்ல வருடம் வேறு வாய்க்கவில்லை. சம்மட்டியைத் தூக்கும்போது நிமிர்ந்தால் குடை தெரியும். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுவோம்.

மறுபடியும் காலேஜ் திறந்தது. கடைசி வருடம். ஒருநாள் பிராஜக்ட் வேலை என்று ஆவூரில் பிரின்சி வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். சொல்லிவிட்டுத்தான் போனாள். சாயங்காலம் நான் வந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது. என் ஆயுளில் நான் தனியாளாகப் பூட்டின வீட்டுக்கு வந்ததே இல்லை. சின்ன வயதில் ஆத்தா இருந்தாள், அப்புறம் சொர்ணம், அப்புறம் இவள். சாவி மாடக்குழியில்தான் இருந்தது. கையில் எடுத்தேன். துவாரத்தில் விடத் தோன்றவில்லை. வாசலிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டேன். பிள்ளை பெங்களூரோ சென்னையோ போய்விட்டால் நான் சாகிற வரைக்கும் தினமும் இந்தச் சாவியை எடுக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது.

அடுத்த மாதம் காலேஜுக்கு ஒரு பெங்களூர் கம்பெனி வந்தது. இவள் வகுப்பிலிருந்து இரண்டே பேரைத்தான் எடுப்பார்களாம். அறிவுமதி நாலு சுற்றுப் பேட்டியும் முடித்துவிட்டு வந்தாள். கண்ணெல்லாம் ஒளி. “அவங்க ஸ்டேக் பத்திக் கேட்டாங்கப்பா. லாரிக் கல்லைத்தான் இங்கிலீஷ்ல சொன்னேன். கேட்டவரு எந்திரிச்சுக் கை குடுத்தாரு.”

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. காலேஜிலிருந்து. முதலில் அவள் பெயர். அடுத்து செலக்டட் என்ற வார்த்தை. உதவித்தொகை கிடைத்தபோது அதே வார்த்தையைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தாள், அதனால் தெரியும். நாலு மணிக்குள் யெஸ் அல்லது நோ என்று பதில் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று மிச்சத்தை எழுத்துக் கூட்டிப் புரிந்துகொண்டேன். அப்போது மணி ஒன்றே கால். மூன்று மணி வரைக்கும் யோசித்தேன். அவசரத்தில் கை தவறிவிட்டது என்று நான் சொல்ல முடியாது. மூன்று மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் இரண்டு எழுத்தை அடித்து அனுப்பினேன். பிறகு அந்தச் செய்தியை அழித்தேன். அழிக்கவும் அவள்தான் பழக்கியிருந்தாள், போனில் இடம் அடைக்கிறது என்று.

மூன்றரைக்கு ஒரு போன் வந்தது.

“அய்யா, அறிவுமதி அப்பாங்களா? காலேஜிலேர்ந்து ஆனந்தராஜ் பேசுறேன். வேலைவாய்ப்பு எல்லாம் நான்தான் பாக்குறேன். ஒங்க நம்பர்லேர்ந்து நோன்னு வந்திருக்கு. தப்பா அமுக்கிட்டீங்களோன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். இன்னும் டயம் இருக்கு, மாத்திரலாம்.”

“தப்பில்லைங்க சார். கல்யாணம் பேசி முடிச்சிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல வேலைக்கு அனுப்பக் கூடாதுங்கிறாக.”

“அந்தப் புள்ளைக்குத் தெரியுமாங்கய்யா?”

“தெரியும் சார். அழுது அழுது இப்பத்தான் சம்மதிச்சிருக்கு. நீங்க அதுகிட்ட இதைப் பத்திக் கேட்டீங்கன்னா மறுபடி ஒடைஞ்சு போயிரும். ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்.”

“நல்லா வர வேண்டிய புள்ளைங்கய்யா அது,” என்றார். “சரி. நான் கேக்கல.”

அவர் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் நல்ல மனிதர் என்று அவள் பேச்சிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் பலகையில் ஒட்டின தாளில் இரண்டு பெயர். ஒன்று பிரின்சி. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவளாம், மேலே வந்துவிட்டாள். அறிவுமதி வீட்டுக்கு வந்து அழவில்லை. “அந்த ஒரு அரியர்தான்ப்பா,” என்றாள். “அரியர் வச்சவங்களை எடுக்க மாட்டாங்கன்னு ஒருத்தன் அப்பவே சொன்னான்.” அதற்குப் பின் வந்த கம்பெனிகளுக்கும் அவளைக் கூப்பிடவில்லை. கல்யாணம் நிச்சயமான பெண் என்று ஆனந்தராஜ் சார் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். ஒருநாள் மனசு கேட்காமல் அவர் அறை வாசலில் போய் நின்றிருக்கிறாள். அவர் எழுந்து வந்து, “எல்லாம் நல்லதுக்குத்தாம்மா, நீ நல்லா இருப்ப” என்று சொல்லி அனுப்பிவிட்டார். “இனிமே வராதேன்னு எம்புட்டு மரியாதையாச் சொல்றாரு பாருங்கப்பா” என்றாள் என்னிடம்.

கல் உடைக்கிறவனுக்கு ஒரு முறை உண்டு. பெரிய பாறையை ஓங்கி ஒரே அடியாக அடிக்கக் கூடாது, கல் வீணாகிவிடும். வரிசையாகத் துளை போட்டு, துளைக்கு ஒன்றாக இரும்பு ஆப்பு வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு நேரத்தில் உள்ளே நூல் பிடித்த மாதிரிப் பிளந்துவிடும். வெளியே சத்தமே கேட்காது. நான் அவளைத் திட்டினதில்லை, போகாதே என்று தடுத்ததும் இல்லை. ஆறுதல்தான் சொன்னேன். “பிரின்சி இங்கிலீஷ் பேசும் தாயி, நமக்கு அது வராது.” இன்னொரு நாள், “ஒன் மேல தப்பில்ல, நம்ம எடம் அம்புட்டுத்தான்.” வேறொரு நாள், “பெரிய எடத்துக்குப் போயி அசிங்கப்படுறதுக்கு இதுவே பரவால்ல.” தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னேன். சென்னைக்குப் போய் வேலை தேடட்டுமா என்று ஆரம்பத்தில் இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. ஒருநாள் மடிக்கணினியை அவளுடைய பழைய தாவணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்ததைப் பார்த்தேன்.

வங்கித் தாள் வந்தது அப்போதுதான். அவளே வாசித்துவிட்டு, “எங்கிட்டாச்சும் ஒரு கம்ப்யூட்டர் வேலை கெடைச்சாப் போதும்ப்பா, கட்டிரலாம்” என்றாள். நான் கிரஷர் முதலாளியிடம் போய் நின்றேன். எங்கள் குவாரியை ஒட்டியே கிரஷர். வாசலில் லாரி எடை போடுகிற மேடை, அதற்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர். லாரி ஏறினதும் நம்பரை அடிக்க வேண்டும், எடையை அடிக்க வேண்டும், சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். மாதம் பன்னிரண்டாயிரம். பத்தாயிரம் வங்கிக்கு, இரண்டாயிரம் வீட்டுக்கு. அவள் கம்ப்யூட்டர் வேலை கேட்டாள். அது கம்ப்யூட்டர் வேலைதான்.

நான் சம்மட்டியைத் தூக்கி நிமிர்ந்தால் அந்தக் கூண்டு தெரியும். மத்தியானம் ஒரே தூக்குச்சட்டியில்தான் சாப்பிடுகிறோம். காலையில் வந்ததும் கண்ணாடியில் படிந்த தூசியை ஈரத்துணி போட்டுத் துடைப்பாள். பதினோரு மணிக்குள் மறுபடி படிந்துவிடும். முதலில் ஒரு நாளைக்கு நாலு தடவை துடைப்பாள். இப்போது காலையில் மட்டும்தான். மத்தியானத்துக்கு மேல் அவள் முகம் எனக்குத் தெரியாது, நிழல் மாதிரி ஓர் உருவம் தெரியும். அதுவே போதும். சொர்ணத்துக்குப் பண்ணின சத்தியத்தை நான் மீறவில்லை. அவள் கல் உடைக்க வரவில்லை. எடை போடத்தான் வந்திருக்கிறாள்.

ஆறு மாதமாக அவளுக்கு ஒரு வறட்டு இருமல். காலையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சொர்ணத்துக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, ஆனால் சொர்ணம் இருபது வருடம் அங்கே இருந்தவள். மூக்கன்தான் போன வாரம் வேலையை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை.

“ஆண்டியப்பா, புள்ளை இருமுறது கீழ வரைக்கும் கேக்குது. ஒம் பொஞ்சாதியச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போனவன் நான். அந்தப் புள்ளையை எங்கிட்டாவது அனுப்பிவுடுப்பா.”

“பனிக்காலம்டா,” என்றேன். “சரியாயிரும்.”

இந்தச் செவ்வாய்க்கிழமை என் போன் அடித்தது. நாலு வருடத்துக்கு மேல் ஆகியும் குரல் மறக்கவில்லை.

“அய்யா, ஆனந்தராஜ் பேசுறேன். அறிவுமதி எப்படி இருக்கு? ஒரு நல்ல கம்பெனி, பழைய புள்ளைங்க யாரும் இருந்தாச் சொல்லுங்கன்னு கேக்குறாங்க. எனக்கு மொதல்ல அது ஞாபகம்தான் வந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறம்கூட வீட்டுலேர்ந்தே பாக்கலாம்யா, ஏசி ரூம்ல ஒக்காந்து பாக்குற வேலை. ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?”

கூண்டைப் பார்த்தேன். லாரி ஒன்று மேடையில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள்.

“அது வீட்டுக்காரரோட சிங்கப்பூர் போயிருச்சுங்க சார்,” என்றேன். “நல்லா இருக்கு. ஒரு பயலும் பொறந்திருக்கான்.”

“அப்படியா, ரொம்ப சந்தோஷம்யா. நான் கேட்டேன்னு சொல்லுங்க,” என்றார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை. அறிவுமதி அரைநாள் லீவு போட்டுக் கீரனூர் வங்கிக்குப் போய்க் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்தாள். நாற்பத்து நான்கு மாதம். வங்கி கொடுத்த தாளை சொர்ணம் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, என்னை வாசிக்கச் சொன்னாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். கடன் முழுவதும் செலுத்தப்பட்டது. நிலுவை ஏதும் இல்லை.

ரொம்ப நாளுக்கு அப்புறம் சிரித்தாள். சாப்பாடு போட்டுக்கொண்டே, “அப்பா, பெட்டிக்கு அடியிலேர்ந்து லேப்டாப்ப எடுத்துச் சார்ஜ் போட்டேன்,” என்றாள். “ஓடுது. ஒங்க ப்ரோகிராம் அப்படியே இருக்கு. கடன்தான் தீந்திருச்சே, இனிமே எங்கிட்டாச்சும் ட்ரை பண்ணிப் பாக்கவா?”

இருமல் வந்தது. முடியும் வரைக்கும் காத்திருந்தேன்.

“கடனுக்காகத்தானே தாயி வேலை,” என்றேன். “அதான் தீந்துருச்சே. இனி எதுக்குப் போயி அலையணும்?”

கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. “ஆமால்ல,” என்றாள். எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

மடிக்கணினி திறந்தபடியே இருந்தது. ‘அப்பா சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் யெஸ் என்று அடித்தேன். ‘படுத்துத் தூங்குங்க’ என்று வந்தது. எங்கள் வீட்டில் இனி யாரும் யாருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை.